தூக்கு உறுதிப்படுத்தலுக்கு வந்த காப்பீட்டுக் கொலை வழக்கு: உதவி தேவை

வணக்கம். காப்பீட்டுப் பணத்துக்காகக் கொலை என்று அமர்வு நீதிமன்றம் தூக்கு விதித்த வழக்கு, பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 407-ன்படி, தூக்கை உறுதிப்படுத்துவதற்காக உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்திருக்கிறது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான்.

பாலிசித் தாள்களைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற காப்பீட்டு அலுவலர் ஒருவர் வேண்டும். முன்மொழிவுப் படிவத்தில் யார் கையெழுத்து, பிரீமியம் யார் கணக்கிலிருந்து போனது, நாமினி எப்போது மாறினார்? உள்நோக்கம் இதில்தான் நிற்கிறது. கணினி அச்சுப்பிரதிக்குப் புதிய சாட்சியச் சட்டம் (பிஎஸ்ஏ) 63(4) கேட்கும் சான்றிதழ் இல்லாவிட்டால் ஆவணமே அடிபடலாம்.

அதைவிட அவசரம், மனநல ஆலோசகர். தூக்கு வழக்குகள் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2022 மனோஜ் தீர்ப்புக்குப் பிறகு கைதியின் வளர்ப்பு, குடும்பம், மனநிலை, சிறை நடத்தை எல்லாம் அறிக்கையாக வேண்டும். கடைசி வாரத்தில் ஆள் தேடினால் அறிக்கை மேலோட்டமாகிவிடும். ஒரே சந்திப்பில் யாரும் மனம் திறப்பதில்லை. ஓர் உயிர் இதில் இருக்கிறது. மதுரை மத்தியச் சிறைக்கு மூன்று முறையாவது வர முடிந்தவர்கள் தயவுசெய்து கீழே சொல்லுங்கள்.