புதுப்பிப்பு: வெடிச்ச கொங்கிறீட்டுக்கு மேல தார்
ஆடியில கேட்டிருந்தன்: கிளிநொச்சி வீட்டில, கேற்றில இருந்து விறாந்தை வரைக்குமான பழைய கொங்கிறீட் பாதை வெடிச்சுப்போச்சு, உடைக்கிறதோ, மேல தார் போடுறதோ எண்டு. உடைக்கேல்லை. மேல போட்டு ஒரு மாரியும் கடந்தாச்சு.

ஆடிக்கொண்டிருந்த ஒரு துண்டை மட்டும் கிளப்பி, கிரவல் போட்டு இறுக்கினம். வெடிப்புகளுக்குள்ள இருந்த புல்லு, மண்ணைக் கிண்டியெடுத்து, கழுவிக் காயவிட்டு, ஒட்டுறதுக்கு மெல்லிசாத் தார் தெளிச்சு, 2 அங்குலத்துக்குச் சுடுகலவை (தாரும் சல்லியும் சூடாக் கலந்தது) போட்டு இறுக்கினம். வேலைப் பெடியள் புழுதிக்கு மேலயே தெளிக்கப் பாத்தாங்கள். நிண்டு மறிச்சன். புழுதியில தார் பிடிக்காது, பிறகு தகடு தகடாக் கழரும்.

கீழ இருக்கிற வெடிப்பு மேலயும் வரும் எண்டு இங்க ஒரு அண்ணை சொன்னது பலிச்சுப்போச்சு. கீழ கொங்கிறீட் துண்டுகள் சேருற மூட்டு வெயிலுக்கு விரிஞ்சு சுருங்க, மேல தாரிலயும் அதே கோட்டில மயிரிழை வெடிப்பு. தண்ணி இறங்க முதல் உருக்கின தார் ஊத்தி அடைச்சிட்டன்.

நான் யோசிக்காதது உயரம். 2 அங்குலம் ஏறினதால கேற் தட்டுப்பட்டு, அடியை வெட்டவேண்டி வந்தது. கார்த்திகையில மழைத்தண்ணி நேரா விறாந்தைக்கு வந்திட்டுது. இப்ப ஓரத்தில வாய்க்கால் வெட்டியிருக்கு.

மத்தியான வெயிலில மோட்டச்சைக்கிள் ஸ்டாண்ட் புதையுது. பலகைத் துண்டு ஒண்டு வச்சிருக்கிறன்.