பெட்ரோலிய இன்ஜினியரிங் வேலைக்கு சிவி எழுதியவர்கள், படித்துத் தேர்ந்தெடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அஹ்மதி ரிக் (குவைத், டிரில்லிங்)

நாகப்பட்டினம் பக்கத்துத் தம்பி ஒருவர் தன் சிவியைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பியிருந்தார். மெக்கானிக்கல் படித்துவிட்டு, காவிரிப் படுகையில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் வொர்க்ஓவர் ரிக்கில் (பழைய எண்ணெய்க் கிணறுகளைப் பழுதுபார்க்கும் மேடை) சில வருஷமாக வேலை பார்ப்பவர். நான்கு பக்கம் எழுதியிருந்தார். முதல் பக்கம் முழுக்க கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போவேன், சவால்கள் பிடிக்கும் என்றே போகிறது. மூன்றாவது பக்கத்தில்தான் ரிக் வருகிறது, அதுவும் ஒரே வரியில்: "வொர்க்ஓவர் பணிகளை மேற்பார்வையிட்டேன்."

போன் போட்டு, என்ன மாதிரி கிணறு, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மடை திறந்த மாதிரி பேசினார். நரிமணம் பக்கம் ட்யூபிங்கை (கிணற்றின் உள்குழாய்) உருவி மாற்றியது, எண்ணெயை மேலே இழுக்கும் சக்கர் ராட் பம்ப் இறக்கியது, உள்ளே மாட்டிக்கொண்ட பேக்கரை (குழாயைச் சுற்றி அடைக்கும் கருவி) ஃபிஷிங் செய்து (கருவி இறக்கிப் பிடித்து) எடுத்தது, கிணற்றை கில் செய்ய (அழுத்தத்தை அடக்கி நிறுத்த) பிரைன் (உப்புக் கரைசல்) எவ்வளவு கனமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டது. இதில் ஒன்றுகூட சிவியில் இல்லை! எனக்கு மனசே ஆறவில்லை, ஏனென்றால் எங்கள் டிரில்லிங் சூப்பரின்டென்டன்ட் தேடுவது இதைத்தான். காலை ரிப்போர்ட், ரிக்கிலிருந்து வரும் போன் இவற்றுக்கு நடுவில் சிவியைப் புரட்டுகிறவர் அவர். ரிக் எத்தனை டன், கிணறு எத்தனை மீட்டர், பிஓபி (கிணறு சீறினால் மூடும் வால்வு) எத்தனை பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும், ஆள் எந்தப் பதவியில் எத்தனை மாதம் இருந்தார் என்று கண்ணை ஓட்டுவார், கிடைக்காவிட்டால் அடுத்த சிவிக்குப் போய்விடுவார்.

அதனால் அந்த முதல் பக்கத்தை அப்படியே எடுத்துவிட்டோம். பெயருக்குக் கீழே பதவி, மொத்த அனுபவம், அடுத்த வரியில் ஐடபிள்யூசிஎஃப் (கிணற்று அழுத்தக் கட்டுப்பாட்டுப் பயிற்சி) சான்றிதழ் எந்த நிலை, எந்தத் தேதி வரை செல்லும் என்பது. அதன் ஆயுள் 2 வருஷம்தான், காலாவதி ஆனதைப் போட்டு அனுப்பினால் பிரயோஜனம் இல்லை. கடலில் வேலை கேட்கிறவர்கள் போசியட் (கடல் பாதுகாப்புப் பயிற்சி) தேதியையும் அங்கேயே போடுங்கள், அது 4 வருஷம். அப்புறம் வேலை வாரியாக ஒரு சிறு அட்டவணை: ரிக், இடம், பதவி, ஆழம், செய்த பணி. டிரில்லிங்கில் இருப்பவர் என்றால் 12¼ அங்குலத் துளை, 9⅝ அங்குல கேசிங் (கிணற்றுச் சுவர்க் குழாய்), மட் (துளையிடும் சேறு) எத்தனை பிபிஜி (காலனுக்கு எத்தனை பவுண்டு) என்று எழுதுங்கள். இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது.

வளைகுடாவில் இன்னொரு விஷயம் உண்டு. ஒப்பந்த நிறுவனம் உங்களை எடுக்க நினைத்தாலும் பல வேலைகளுக்கு சிவி எண்ணெய் கம்பெனிக்குப் போய் அப்ரூவல் ஆக வேண்டும். அங்கே பார்ப்பவர் கையில் தகுதிப் பட்டியல் இருக்கும், அந்தப் பதவியில் இத்தனை வருஷம் என்று. "2012–2019 டிரில்லிங் துறை" என்று மொத்தமாக எழுதினால் உதவி டிரில்லராக எவ்வளவு நாள், டிரில்லராக எவ்வளவு நாள் என்று அவரால் பிரிக்க முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்.

இடைவெளி பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல டைரக்‌ஷனல் டிரில்லர் (கிணற்றைச் சாய்த்துத் துளையிடுபவர்) ஒருவர் 2016-ல் வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேல் வீட்டில் இருந்தவர், பழைய வேலையின் தேதியை நீட்டி எழுதியிருந்தார். இன்டர்வியூ அருமையாகப் போனது. கடைசியில் ரிலீவிங் லெட்டரில் தேதி இடித்தது, ஆஃபர் நின்றுபோனது. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலருக்கு மேல் இருந்த பிரெண்ட் கச்சா எண்ணெய் விலை, 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே போனது. அந்தக் காலத்தில் யார் யார் வீட்டில் உட்கார்ந்தார்கள் என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரியும், அவரே உட்கார்ந்திருப்பார். 2020-ம் அப்படித்தான். "ஆட்குறைப்பு, 2016" என்று நேராக எழுதுங்கள், அந்த நேரத்தில் ஏதாவது கோர்ஸ் முடித்திருந்தால் பக்கத்தில் சேருங்கள்.

கடைசி வருஷம் (சென்னை)

அண்ணே, ஃப்ரெஷர் நாங்கள் ரிக்கையே ஒருமுறைதான் பார்த்திருக்கிறோம், அதுவும் இன்டர்ன்ஷிப்பில். எதை எழுதுவது?

மங்களா (ராஜஸ்தான் பார்மர், எண்ணெய் ரிசர்வாயர்)

தம்பிக்கு நான் சொல்கிறேன். என் முதல் சிவியில் இருந்தது ஒரே ப்ராஜெக்ட், ஒரு எண்ணெய் வயலின் உற்பத்தி விவரங்களை வைத்து மெட்டீரியல் பேலன்ஸ் (பூமிக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்ற கணக்கு) போட்டது. எக்செல்லில் செய்தேன் என்று எழுதி, எந்த டிரைவ் மெக்கானிசம் (எண்ணெயை மேலே தள்ளும் சக்தி) என்று எடுத்துக்கொண்டேன், டிக்ளைன் கர்வ் (உற்பத்தி குறையும் போக்கு) முறையில் போட்டபோது விடை எவ்வளவு தள்ளி வந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்திருந்தேன். இன்டர்வியூவில் பாதி நேரம் அதிலேயே போனது. அக்விஃபர் (எண்ணெய்க்குக் கீழே நீர்ப்படுகை) இருந்தால் கணக்கின் கோடு எப்படி வளையும், ஏன் இரண்டு விடையும் பொருந்தவில்லை என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நானே செய்தது, அதனால் பேச முடிந்தது.

எனக்கு முன்னால் போனவர் பெட்ரல், எக்லிப்ஸ், சிஎம்ஜி, பைப்சிம் என்று சாஃப்ட்வேர் பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தார். எக்லிப்ஸ் டேட்டா ஃபைலில் என்னென்ன பகுதி வரும் என்று மட்டும் கேட்டார்களாம். ரன்ஸ்பெக், கிரிட்டில் தொடங்கி ஷெட்யூல் வரை, ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கே தெரிந்திருக்கும். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் எந்த மாடலுக்குப் பயன்படுத்தினேன் என்று எழுத முடியாத சாஃப்ட்வேரை விட்டுவிடுங்கள்.

அப்புறம் எந்த வயலுக்கு அனுப்புகிறோம் என்று பாருங்கள். இங்கே பார்மரில் எண்ணெயில் மெழுகு அதிகம், சூடுபடுத்தியே குழாயில் அனுப்புகிறார்கள், மங்களா வயலில் பாலிமர் ஃப்ளட் (பாலிமர் கலந்த நீரைச் செலுத்தி எண்ணெயைத் தள்ளுவது) நடக்கிறது. வேக்ஸ் டெபாசிஷனிலோ (மெழுகு படிதல்) பாலிமர் விஸ்காசிட்டியிலோ (பாகுத்தன்மை) லேபில் ஏதாவது செய்திருந்தால் அதுதான் முதலில் வர வேண்டும்.

ஓஎன்ஜிசி கனவில் இருந்தால் சிவியோடு கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான) தேர்வையும் பாருங்கள். பல வருஷம் அந்த மதிப்பெண் வழியாக இன்ஜினியர்களை எடுத்தார்கள், அந்தத் தேர்வில் 2017 முதல் பெட்ரோலியத்துக்குத் தனித் தாளே இருக்கிறது.

சோஹார் (ஓமன், புரொடக்‌ஷன்)

ஒன்று சேர்க்கிறேன். வளைகுடாவுக்கு அனுப்பும் சிவியில் போட்டோ, நாடு, விசா நிலை கேட்பது வழக்கம், போடலாம். பிரிட்டன், அமெரிக்காவுக்கு அனுப்பும்போது போட்டோவும் பிறந்த தேதியும் வேண்டாம். பாஸ்போர்ட் நம்பரை எதிலும் எழுதாதீர்கள், வேலை உறுதியானபின் கேட்பார்கள்.

என் மச்சானிடம் சென்னை ஏஜென்ட் ஒருவர் "சிவி அப்ரூவல் வாங்கித் தர" என்று 2 லட்சம் கேட்டார். அப்ரூவலுக்கு வேலைக்குப் போகிறவர் பணம் கட்டும் வழக்கமே கிடையாது. பதிவு பெற்ற ஏஜென்ட்டே என்றாலும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். மச்சான் பார்த்தார், அந்தப் பெயர் இல்லை.