பொறுப்பாளர் செயலற்று நிற்கும்போது தலைமை யாரிடம் போய்ச் சேருகிறது?

கேள்வி

எங்கள் பணியிடத்தின் கீழ்த்தளத்தில் அண்மையில் தீப்பிடித்துப் புகை மேலேறியபோது, எங்களை வெளியேற்ற வேண்டிய பொறுப்பாளர் கைப்பேசியைக் காதில் வைத்தபடி மேலிடத்து உத்தரவுக்காகக் காத்து நின்றார். கூட்டங்களில் வாய் திறந்தே நான் பார்த்திராத கிடங்கு ஊழியர் ஒருவர்தான் பின்படிக்கட்டின் கதவைத் திறந்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கீழே இறக்கினார். நாங்கள் 40 பேரும் மறுபேச்சின்றி அவர் சொற்படி நடந்தோம். இத்தகைய தலைமை எப்படி உருவாகிறது? இன்னார் என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

மறுமொழி 1

1972 அக்டோபர் 13 அன்று தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில், ரக்பி விளையாட்டு அணி ஒன்று உட்பட 45 பேருடன் விழுந்த உருகுவே விமானத்தை நினைத்துப் பாருங்கள். முதல் நாட்களில் அந்த அணியின் தலைவர் மார்செலோ பெரெஸ்தான் உணவைப் பங்கிட்டார்; மீட்புக் குழு வந்துவிடும் என்று அனைவரையும் தேற்றினார். தேடுதல் கைவிடப்பட்ட செய்தி வானொலியில் வந்ததும், அந்த நம்பிக்கையோடு அவருடைய தலைமையும் தளர்ந்தது. அம்மாதம் 29-ஆம் தேதி பனிச்சரிவில் அவர் இறந்தார். பிறகு ஃபிட்டோ ஸ்ட்ராவ்ச் உள்ளிட்ட மூன்று உறவுச் சகோதரர்களிடம் பொறுப்பு சென்றது. இருக்கையின் உலோகத் தகட்டை வெயிலில் சாய்த்து வைத்து, பனியை உருக்கிக் குடிநீராக்கும் வழியைக் கண்டவர் ஃபிட்டோ. தாகத்தில் தவித்தவர்களுக்கு எந்த ஆறுதல் சொல்லையும்விட அந்தத் தகடுதான் பெரிதாக இருந்திருக்கும். பின்னர் நான்டோ பர்ராடோவும் ராபெர்ட்டோ கனெஸ்ஸாவும் பத்து நாள் நடந்து உதவி தேடியதால், 72 நாட்களுக்குப் பிறகு 16 பேர் உயிருடன் மீண்டனர். ஆக, அடுத்து உடனே தேவைப்படுவதைச் செய்யத் தெரிந்தவரிடமே தலைமை சேர்கிறது; தேவை மாறினால் ஆளும் மாறுகிறார்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். எனினும் ஓர் எச்சரிக்கை. குழப்பத்தில் உரத்துப் பேசுபவரின் பின்னாலும் கூட்டம் போய்விடும். அவர் காட்டும் வழி அடைபட்டிருந்தால் அத்தனை பேரும் சிக்கிக்கொள்வார்கள். அமெரிக்காவில் 1963-இல் தொடங்கப்பட்ட பேரிடர் ஆய்வு மையத்தின் நிறுவனர்களுள் ஒருவரான குவாரன்டெல்லி, பேரிடரில் மக்கள் நிலைகுலைந்து சிதறி ஓடுவது அரிது என்றும், பெரும்பாலும் தாமாகவே குழுக்களாகத் திரண்டு செயல்படுகிறார்கள் என்றும் எடுத்துக்காட்டினார். எனவே உங்கள் பொறுப்பாளரைக் கோழை என்று முடிவுகட்ட வேண்டாம். அனுமதியின்றி எதுவும் செய்யாதே என்று ஆண்டுக்கணக்கில் பழக்கப்பட்ட ஒருவர், அனுமதி வராதபோது உறைந்து போவது இயல்பு. திருத்த வேண்டியது அந்தப் பழக்கத்தைத்தான்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. தீயணைப்புப் படை வந்ததும் அந்தக் கிடங்கு ஊழியர் தலைகளை எண்ணிச் சொல்லிவிட்டு, கிடங்குச் சாவியைக் கொடுத்து ஒதுங்கி நின்றது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவ்வளவு துணிச்சல் எப்படி வந்தது என்று நேற்று அவரிடமே கேட்டேன். பின்படிக்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் இறுகியிருக்கும், தோளால் இடித்துத் தூக்கினால்தான் திறக்கும், அது அங்கே தனக்கு மட்டும்தான் தெரியும், அதனால் போனேன் என்றார்.