காலாங்குக்கு எந்த ஜெர்சியில் போவது?

ஈசூன் மேக்பை:

கேள்வி சின்னதுதான், நம்ம காலாங் தேசிய அரங்கில் நடக்கும் கால்பந்து ஆட்டத்துக்கு எந்தச் சட்டை போடுவது என்று. ஆனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இங்கிலாந்தின் நியூகாசல் கால்பந்து அணி ரசிகன். 1995-96இல் தேசிய சேவையில் இருந்தபோது பிடித்த பைத்தியம். கீகன் பயிற்சியாளர், ஜினோலா, ஃபெர்டினண்ட். 12 புள்ளி முன்னால் இருந்துவிட்டு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் பட்டத்தைத் தாரை வார்த்த அணி. முகாமில் என் பக்கத்துக் கட்டில்காரன் யுனைடெட். இன்னமும் வாட்ஸ்அப்பில் அதைச் சொல்லிக்காட்டுகிறான். அப்புறம் 2007இலிருந்து 14 வருஷம் முதலாளி மைக் ஆஷ்லி. அவர் வெளிநாட்டுக்காரர் இல்லை, ஆங்கிலேயர்தான். அவர் காலத்தில் இரண்டு தடவை கீழ் டிவிஷனுக்கு இறங்கினோம். எங்கள் அரங்கம் செயின்ட் ஜேம்ஸ் பார்க்குக்கே தன் கடையின் பெயரை வைத்துப் பார்த்தார் மனிதர்.

2021 அக்டோபரில் சவுதியின் பொது முதலீட்டு நிதி வந்து 80 விழுக்காட்டை எடுத்துக்கொண்டது. மொத்த விலை சுமார் 30 கோடி பவுண்டு. சவுதி அரசு கிளப்பைக் கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி உறுதிமொழி வாங்கிவிட்டோம் என்றது பிரிமியர் லீக். அந்த நிதிக்குத் தலைவர் யார்? பட்டத்து இளவரசர் முகம்மது பின் சல்மான். கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முதலாளி, ஆனால் கடை அவருடையது இல்லை என்கிற கதை. 2018இல் இஸ்தான்புல்லில் சவுதி துணைத் தூதரகத்துக்குள் போன பத்திரிகையாளர் ஜமால் கஷோகி திரும்பி வரவில்லை என்பதும் தெரிந்ததுதான்.

எல்லாவற்றையும் படித்தேன். படித்துவிட்டு, ஆஷ்லி தொலைந்தார் என்று முர்தபாக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மறுவருஷம் வெள்ளையும் பச்சையுமாக ஒரு மாற்று ஜெர்சி வந்தது. அதையும் வாங்கினேன். சவுதி தேசிய அணியின் நிறம் என்று பத்திரிகைகளில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். கடையில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து குழல்விளக்கு வெளிச்சத்தில் உதறிப் பிடித்தபோதுதான் உறைத்தது.

சரி, 2025 மார்ச். லீக் கோப்பை இறுதி, நமக்குத் திங்கள் அதிகாலை 12.30. சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன். டேன் பர்ன் தலையால் முட்டியபோது கத்திவிட்டேன், மேல்மாடியில் நாற்காலி நகர்ந்தது. பர்ன் அந்தப் பக்கத்துப் பையன். சிறுவயதில் இதே கிளப் வேண்டாமென்று அனுப்பியவன். அப்புறம் இசாக். 2-1. 1955க்குப் பிறகு உள்நாட்டில் எங்களுக்கு முதல் கோப்பை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். காலை 7 மணிக்கு ஷிஃப்ட்.

உறுத்துவது அந்த அழுகை இல்லை. அந்த வாரம் கோப்பிக் கடையில் ஒரு நண்பர், "ரத்தக் காசில் வாங்கின கோப்பைதானே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அங்கே இப்போது பெண்கள் கார் ஓட்டுகிறார்கள், தியேட்டர் திறந்துவிட்டார்கள், அமெரிக்காக்காரன் மட்டும் யோக்கியமா என்று பத்து நிமிஷம் விடாமல் பேசினேன். பேசி முடித்துக் குடிக்கப் போனால் தே ஓ (பால் இல்லாத தேநீர்) ஆறிக் கிடக்கிறது. ஒரு அரசாங்கத்துக்கு நான் எப்போது வக்காலத்து வாங்க ஆரம்பித்தேன்? நம்ம அரசாங்கத்துக்கே நான் அவ்வளவு பேசினதில்லை.

2025 ஜூலை 27 காலாங்கில் ஆர்சனலோடு ஆட்டம். மகளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாயிற்று. அவள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், ஆர்சனல். பழைய கறுப்பு வெள்ளை இப்போது வயிற்றில் ஏற மாட்டேன் என்கிறது. சரியான அளவில் இருப்பது அந்தப் பச்சைதான். போடலாமா? கிளப்பை விட்டுவிடு என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், அது ஆகாத காரியம்.

நீலநிலா 9320:

உங்களுக்கு இப்போதுதான் இந்தக் கேள்வி வருகிறதா? மான்செஸ்டர் சிட்டி ரசிகர்களான எங்களை 2008இலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போடுங்கள், கவலையை விடுங்கள்.

ஒரு பழைய கதை. 2006 ஜனவரியில் தாய்லாந்துப் பிரதமர் தக்சினின் குடும்பம் ஷின் கார்ப்பரேஷனில் தன் பங்கை விற்றது. சுமார் 73 பில்லியன் பாட். வாங்கியது நம்ம அரசாங்க முதலீட்டு நிறுவனம் தெமாசெக் தலைமையிலான குழு. பேங்காக்கில் போராட்டம் வெடித்து, செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2007இல் தக்சின் சிட்டியை வாங்கினார், 2008இல் அபுதாபிக்கு விற்றார். தாய்லாந்தில் அவர் சொத்தை முடக்கிவிட்டார்கள், அதனால் அதே பணம் இதே பணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அரசாங்க நிதி ஊர் ஊராகப் போய்ப் பங்கு வாங்குவதைப் பற்றிச் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஆச்சரியப்படுவது கொஞ்சம் வேடிக்கை.

எங்கள் கிளப் மேல் போட்ட நிதி விதிமீறல் குற்றச்சாட்டுகளின் எண்ணிக்கையை, 115 என்று யாராவது எழுதப் போகிறீர்கள் என்று தெரியும். தீர்ப்பு வரட்டும்.

தோ பாயோ கோப்:

115.

(மன்னிக்கவும், கை அரித்தது.)

மேக்பை அண்ணே, முதலாளி விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2010இல் எங்கள் லிவர்பூல் கடனில் தத்தளித்தபோது பீட்டர் லிம் வாங்கப் பார்த்தார், ஞாபகமிருக்கிறதா? நம்ம ஊர்க்காரர், மீன் வியாபாரியின் மகன், எங்கள் ஆன்ஃபீல்டு அரங்குக்கு முதலாளி! எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்கக்காரர்களுக்கு 30 கோடி பவுண்டுக்குப் போனதும் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2014இல் அவர் ஸ்பெயினில் வாலென்சியாவை வாங்கினார். அன்றிலிருந்து ஒரு விசுவாசத்துக்காக அந்த அணியின் ஸ்கோரையும் பார்த்துவைப்பேன்.

2023இல் வேலை விஷயமாக அந்த ஊருக்குப் போயிருந்தேன். விமான நிலையத்திலிருந்து டாக்சி. எந்த ஊர் என்று ஓட்டுநர் கேட்டார். சிங்கப்பூர் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். "லிம்" என்றார். அவ்வளவுதான், இறங்கும்வரை பேசவில்லை. ஒரு சிக்னலில் மட்டும் கையை நீட்டிக் காட்டினார். மின்கம்பத்தில் ஸ்டிக்கர், எங்கள் முதலாளி ஊருக்குத் திரும்பட்டும் என்று ஆங்கிலத்தில்.

அறைக்குப் போய்த்தான் உட்கார்ந்து படித்தேன். 2019 மே மாதம் பார்சலோனாவை வென்று கோப்பா டெல் ரே என்கிற ஸ்பெயின் கோப்பையை எடுத்தார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர் மார்செலினோவை அதே வருஷம் செப்டம்பரில் தூக்கிவிட்டார்கள். புது அரங்கம் 2009இல் வேலை நின்றபடியே எலும்புக்கூடாக நின்றது. (லிம் வருவதற்கு முன்பே நின்றது, அந்தப் பாவம் அவர் தலையில் இல்லை.) ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து கத்துகிறார்கள், முதலாளியோ பல வருஷமாக மைதானத்துக்கே வருவதில்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது, பணம் நல்ல பணமா கெட்ட பணமா என்பதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: கூப்பிட்டால் காது கேட்கிற தூரத்தில் முதலாளி இருக்கிறாரா? எங்கள் லிவர்பூல் ஆட்கள் 2016இல் 77 பவுண்டு டிக்கெட்டை எதிர்த்து 77ஆவது நிமிஷம் எழுந்து வெளியே நடந்தார்கள். சில நாளில் விலையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். தங்கள் வருமானம் போகும் என்று அமெரிக்கக்காரர்கள் பயந்தார்கள். உங்கள் முதலாளிக்கு அந்தப் பயமும் கிடையாது. டிக்கெட் காசு அவர்களுக்குத் தூசு.

வாரக்கடைசி ஜொகூர்:

நிறம்தான் பிரச்சினை என்றால் கார்டிஃப் ஆட்களைக் கேளுங்கள். எங்கள் மலேசியக் கோடீஸ்வரர் வின்சென்ட் டான் 2012இல் அவர்கள் நீலத்தைப் பிடுங்கிச் சிவப்பு மாட்டினார். அணியின் செல்லப் பெயரே நீலப் பறவைகள்! அடுத்த வருஷமே பிரிமியர் லீக்குக்கு ஏறினார்கள், அப்போதும் ஒரு கூட்டம் நீலத் துண்டோடுதான் போனது. 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. தைத்துப் பெரிதாக்க முடியாதா உங்கள் பழைய ஜெர்சியை?

பழைய தோஹாக்காரன்:

அண்ணே, நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம். இப்போது துவாஸில் வேலை. 2014லிருந்து மூன்று வருஷம் கத்தாரில், தோஹாவில் கட்டுமானத்தில் இருந்தேன். கம்பி கட்டுகிற வேலை.

அப்போது முதலாளி கையெழுத்து இல்லாமல் வேறு வேலைக்கும் போக முடியாது, ஊருக்கும் போக முடியாது. என் பாஸ்போர்ட் கம்பெனி அலுவலகத்தில் ஓர் இரும்புப் பெட்டியில் இருந்தது. கோடையில் பகல் 11.30லிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை கூடாது என்று சட்டம். 3 மணிக்குக் கம்பியைத் தொட்டால் கையுறையைத் தாண்டிச் சுடும். எங்கள் பகுதி மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைக் கம்பி மேல் ஊற்றிவிட்டுத்தான் எங்களை விடுவார். நல்ல மனிதர், நேபாளி. அப்பா இறந்தபோது எனக்கு வெளியேறும் அனுமதி கிடைக்க ஆறு நாள் ஆனது. பிறகு அந்தச் சட்டத்தையெல்லாம் மாற்றிவிட்டார்கள், 2018இலும் 2020இலும். உலகக் கோப்பை வருகிறது என்று உலகமே திரும்பிப் பார்த்ததால்தான் மாற்றினார்கள் என்று எங்கள் ஆட்கள் பேசிக்கொள்வார்கள். அதையும் சொல்ல வேண்டும், இல்லையா?

அந்தச் சம்பளத்தில்தான் தங்கை கல்யாணம் நடந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

2025 ஜூன் 1, ஞாயிறு அதிகாலை 3 மணி. சாம்பியன்ஸ் லீக் இறுதி. தங்குவிடுதியில் ஒரு போனைத் தண்ணீர் போத்தலில் சாய்த்து வைத்து எட்டுப் பேர் பார்த்தோம். கத்தார்க்காரர்களின் பாரிஸ் அணி 5-0. நானும் கை தட்டினேன். டூவே என்று ஒரு பையன், 19 வயது, என்ன ஆட்டம்! ஆட்டம் முடிந்து அவர்கள் தலைவரைத் திரையில் காட்டினார்கள். பக்கத்தில் இருந்தவன், "உன் பழைய முதலாளிடா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் தூக்கம் வரவில்லை.

நீங்கள் எந்தச் சட்டை போட்டாலும் எனக்கு வருத்தமில்லை அண்ணே. கோப்பிக் கடையில் பேசினீர்களே, அதுதான் கொஞ்சம் வருத்தம். அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லத்தான் அவர்களிடம் ஆள் இருக்கிறதே.

தெம்பனிஸ் தாத்தா:

தம்பிகளா, 1994இல் ஷா ஆலமில் மலேசியக் கோப்பை இறுதியில் நம்ம சிங்கப்பூர் அணி பகாங்கை 4-0 என்று அடித்தபோது நான் அரங்கில் இருந்தேன். அப்பாஸ் சாட் மூன்று கோல். முதலாளி யார் என்று யாரும் கேட்கவில்லை, எல்லாரையும் நம்ம பசங்களாகத்தான் பார்த்தோம். 2020இல் ஹோம் யுனைடெட்டை சீ நிறுவனம் எடுத்து லயன் சிட்டி செய்லர்ஸ் என்று பெயர் மாற்றியபோது எனக்கு வலித்தது. போலீஸ்காரர்களின் பழைய அணி அது. ஆனாலும் 2025 மே மாதம் பீஷானில் ஆசிய இறுதிக்குப் போய் உட்கார்ந்தேன். 90 நிமிஷம் முடிந்து காயநேரத்தில் சமன் செய்து, காயநேரத்திலேயே ஷார்ஜாவிடம் தோற்றோம். அமீரகம்! எங்கே போனாலும் அவர்கள்தான். பணக்காரன் பணம் இல்லாமல் அந்த இறுதி நமக்குக் கிடைத்திருக்காது, அதுவும் தெரியும் எனக்கு.

ஜாலான் புசாரில் இடம் நிறையக் காலி. வருகிறவர்கள் வாருங்கள், எந்தச் சட்டையிலும்.

ஈசூன் மேக்பை:

ஆட்டம் முடிந்து எழுதுகிறேன். 3-2 தோல்வி. ஆர்சனலின் 15 வயதுப் பையன் ஒருவன் வாங்கிக் கொடுத்த பெனால்டியில். இசாக் பயணத்துக்கே வரவில்லை. (கோப், அவனை இழுக்கப் பார்க்கும் உங்கள் கிளப்பைப் பற்றி உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல இருக்கிறது, இங்கே வேண்டாம்.)

தோஹாத் தம்பி எழுதியதை மூன்று தடவை படித்தேன். படித்ததும் 2022 மார்ச் 13 நினைவுக்கு வந்தது. ஞாயிறு இரவு 10 மணி, செல்சியோடு ஆட்டம். மூன்று நாள் முன்புதான் செல்சியின் ரஷ்ய முதலாளி அப்ராமோவிச்சின் சொத்தைப் பிரிட்டன் முடக்கியிருந்தது. முந்தின நாள் சவுதியில் ஒரே நாளில் 81 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியிருந்தார்கள். 89ஆவது நிமிஷத்தில் ஹாவர்ட்ஸ் அடித்துத் தோற்றோம். ஆட்டம் முடிந்து எங்கள் பயிற்சியாளர் ஹாவிடம் அதைக் கேட்டார்கள், கால்பந்தைப் பற்றி மட்டும்தான் பேசுவேன் என்றுவிட்டார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம். இப்போது யோசித்தால், அவர் பேசாமலாவது இருந்தார். நான் பேசினேன், அதுவும் சம்பளம் இல்லாமல்.

கோப்பிக் கடை நண்பரிடம் போன வாரம் சொன்னேன், நீ சொன்னது சரிதான்டா, ஆனாலும் அந்த இரவு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது என்று. அவன் யுனைடெட். 2005இல் அமெரிக்கக் கிளேசர் குடும்பத்தார் அவன் கிளப்பின் பெயரிலேயே கடன் வாங்கி அவன் கிளப்பை வாங்கினார்கள். அந்தக் கதையை இன்னொரு தே ஓ ஆறும்வரை சொன்னான்.

ஜெர்சி? ஜொகூர் நண்பர் சொன்னபடி தேக்காவில் தையல் கடையில் கொடுத்தேன். பக்கவாட்டில் கறுப்புத் துணி வைத்து விரித்துக் கொடுத்தார் அக்கா, 12 வெள்ளி. கோடு சரியாகச் சேரவில்லை. ரயிலில் மகள் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். உன் நெஞ்சில் எமிரேட்ஸ் என்று எழுதியிருக்கிறதே, அது யார் காசு என்று கேட்டேன். ஸ்டேடியம் நிலையம் வரும்வரை அவள் பதில் சொல்லவில்லை. பச்சையை இப்போது அவள்தான் இரவில் போட்டுக்கொண்டு தூங்குகிறாள்.

தாத்தா, அடுத்த ஆட்டம் எந்தக் கிழமை?