கலைச்சொல் தேவை: திரையில் ‘டைவர்சிட்டி’, ‘ரெப்ரசன்டேஷன்’

திரைச்சங்கத்தான்:
குழுமத்தாருக்கு வணக்கம். எங்கள் ஃபிலிம் சொசைட்டியில் சனிக்கிழமை பிரெஞ்சு இயக்குநர் ழாக் ஒடியாரின் ‘லே ஒலேம்பியாத்’ (2021) போடுகிறோம். நாளை மாலை நோட்டீஸ் அச்சுக்குப் போகிறது. பாரிஸ் 13ஆம் வட்டாரத்து அடுக்குமாடிகளில் நடக்கும் காதல் கதை, கறுப்பு வெள்ளையில். எமிலி சீன வம்சாவளி, கால் சென்டர் வேலை. அவள் வீட்டில் அறை கேட்டு வரும் கமீய் கறுப்பின வாத்தியார். பூர்விகமே கதை என்று ஆகிவிடாமல் அவர்கள் பாட்டுக்குச் சேர்கிறார்கள், முறைத்துக்கொள்கிறார்கள். இதை எழுத ‘பன்முகத்தன்மை’, ‘பிரதிநிதித்துவம்’ போட்டால் வார்டு ஒதுக்கீடு அறிவிப்பு போலிருக்கிறது. வேறு சொல் உண்டா?

குடந்தையான்:
முதலாவதற்குப் ‘பன்மை’ போதும். இரண்டாவது வடசொல். என்னைக் கேட்டால் ‘பிரதி’யே நம் ‘படி’யின் திரிபுதான், படியெடுத்தல், படிமம், படிவம் எல்லாம் ஒரே வேர். பிரதிநிதிக்குப் ‘படிநிகராளி’ ஏற்கெனவே உண்டு. ஆகவே ‘படிநிகர்மை’.

தேனி வாத்தியார்:
ஐயா, என் வகுப்பில் ‘படிநிகர்மை’ என்றால் ரேஷன் கடையில் குறையாமல் அளந்து போடுவது என்பார்கள்.

குடந்தையான்:
‘பேருந்து’ வந்தபோதும் சிரித்தார்கள்.

பாரிஸ் அக்கா:
‘பன்மை’யில் ஒரு சிக்கல். பிரான்சில் இன, நிறக் கணக்கெடுப்பு அரசியல் சாசனத்தின் முதல் பிரிவுக்கு ஒவ்வாது என்று 2007இல் அரசியல் சாசன மன்றமே சொல்லிவிட்டது. நிறத்தை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அதனால் வெள்ளையரல்லாத ஒருவரை ‘திவெர்சிதேயிலிருந்து வந்தவர்’ என்பார்கள் (டைவர்சிட்டிக்குப் பிரெஞ்சுச் சொல்தான் திவெர்சிதே). தனி ஆள் எப்படிப் பன்மை ஆவார்?

குடந்தையான்:
‘ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவி’க்குத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறாரே!

பாரிஸ் அக்கா:
அது மரியாதைப் பன்மை ஐயா. இங்கே அதில் மரியாதை இல்லை, மழுப்பல்தான்.

தேனி வாத்தியார்:
பிரான்சுக்கு வந்த ஈழ அகதிகளைப் பற்றிய ‘தீபன்’ எடுத்தவரும் இந்த ஒடியார்தானே? 2015இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கியது. ஈழ எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன், வசனம் பெரும்பாலும் தமிழ். அதைவிட என்ன பிரதிநிதித்துவம் வேண்டும்?

பாரிஸ் அக்கா:
தம்பி, அங்கேதான் சொல் இடறுகிறது. ‘தீபன்’ படத்தில் ஈழத்தமிழர் நாங்கள் இருந்தோம், சரி. எப்படி இருந்தோம்? முன்னாள் போராளி, கடைசியில் மறுபடி வன்முறை. எமிலியைப் பாருங்கள்: முதியோர் இல்லத்தில் இருக்கும் பாட்டியைப் போய்ப் பார்க்காமல் சாக்குச் சொல்கிறாள். யார் வீட்டிலும் நடப்பது. ‘இடம்பெறல்’ ஒன்று, ‘சித்தரிப்பு’ இன்னொன்று. பிரெஞ்சில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது, கூடவே நாடகக் காட்சியையும். தமிழில் அதே மூட்டையை ஏன் கட்ட வேண்டும்?

தேனி வாத்தியார்:
அக்காவுக்கு என் ஓட்டு. தேர்வுத்தாள் திருத்த வேண்டும், விடை பெறுகிறேன்.

திரைச்சங்கத்தான்:
அச்சகத்திலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ‘யார் இடம்பெறுகிறார்கள், எப்படிக் காட்டப்படுகிறார்கள்’ என்று வாக்கியமாகவே போட்டுவிட்டேன். பன்முகத்தன்மையை எடுக்க மனம் வரவில்லை, தலைப்பில் இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

குடந்தையான்:
வாக்கியம் கலைச்சொல் ஆகாது. ‘படிநிகர்மை’யைக் குழுமச் சொற்பட்டியலில் என் பெயரிலாவது சேர்க்கவும். படிமம் பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.