பவுன்ஸ் ரேட் ஒரே நாளில் 38-லிருந்து 59 ஆனது: எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது?

அட்டவணைப்பித்தன்

வணக்கம். எக்செல் பாடங்களும், அப்படியே இறக்கிப் பயன்படுத்தக்கூடிய அட்டவணைக் கோப்புகளும் கொண்ட இணையதளம் ஒன்றை நான்கு ஆண்டுகளாக நானே எழுதி, நானே பராமரித்து வருகிறேன். சென்ற மாதம் தளத்தின் வடிவமைப்பை முழுவதுமாக மாற்றினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், மெனுவைச் சுருக்கினேன், முகப்பில் நெரிசலைக் குறைத்தேன். மாற்றிய மறுநாளே, தள வருகையை அளக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் அதுவரை 38 விழுக்காட்டை ஒட்டியே இருந்த பவுன்ஸ் ரேட், அதாவது வந்ததும் வெளியேறிவிடுவோரின் விகிதம், 59-க்கு ஏறியது. மூன்று வாரங்களாகியும் இறங்கவில்லை.

வருகையாளர் எண்ணிக்கை குறையவில்லை. கோப்புகளை இறக்குவோர் தொகையும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆனால் தளத்தில் விளம்பரம் தந்துவரும் ஒரு நிறுவனம், இந்த எண் 40-க்குக் கீழே வந்தால்தான் ஒப்பந்தத்தைத் தொடர முடியும் என்று எழுதியிருக்கிறது. பழைய வடிவமைப்புக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன். அதற்கு முன், இந்த எண் உண்மையில் எதை அளக்கிறது, எங்கிருந்து சரிபார்க்கத் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தரவுத்தச்சர்

பழைய வடிவமைப்புக்கு இப்போதைக்குத் திரும்பாதீர்கள். வருகையும் கோப்பு இறக்கமும் மாறாமல் இருக்கும்போது ஒரே நாளில் 21 புள்ளிகள் ஏறுவது, வாசகர்களின் மனம் மாறியதைவிட அளவுகோல் மாறியதற்கான அறிகுறியாகவே எனக்குப் படுகிறது. மக்களின் நடத்தை இப்படி நள்ளிரவில் படிக்கட்டுப் போல ஏறுவதில்லை. அது மெல்ல மெல்லத்தான் நகரும்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம், ஏனெனில் இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பாதிக்கு மேல் காலாவதியானவை. 2023 ஜூலை 1-ஆம் நாளோடு தரவு சேகரிப்பதை நிறுத்திக்கொண்ட, இதன் முந்தைய பதிப்பான யுனிவர்சல் அனலிட்டிக்ஸில், ஒருவர் ஒரே ஒரு பக்கத்தைப் பார்த்து, வேறெந்த ஊடாட்டமும் பதிவாகாமல் வெளியேறினால் அது பவுன்ஸ். அவர் அந்தப் பக்கத்தை இருபது நிமிடம் ஊன்றிப் படித்திருந்தாலும் பவுன்ஸ்தான். அந்த அமர்வின், அதாவது ஒருவர் தளத்துக்கு வந்துபோகும் ஒரு தடவையின், கால அளவும் பூஜ்யம் என்றே பதிவாகும். இப்போதைய அனலிட்டிக்ஸ் 4 இதைத் தலைகீழாக அணுகுகிறது. ஓர் அமர்வு 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, இரண்டு பக்கங்களாவது பார்க்கப்பட்டாலோ, நீங்கள் முக்கிய நிகழ்வு என்று குறித்துவைத்த ஏதேனும் ஒன்று நடந்தாலோ, அது ஈடுபாடுள்ள அமர்வு. இந்த மூன்றில் ஒன்றுகூட நடக்காத அமர்வுகளின் விழுக்காடுதான் பவுன்ஸ் ரேட். ஆகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை. எந்தக் கருவியில் அளந்தது என்று சொல்லாமல் 40 என்ற வரம்பை விதிக்கும் நிறுவனத்திடமும் இதையே கேட்கலாம்.

பவுன்ஸ் ரேட்டையும் எக்ஸிட் ரேட்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஐந்து பக்கங்கள் பார்த்துவிட்டு ஆறாவதில் வெளியேறியவர் அந்த ஆறாம் பக்கத்தின் எக்ஸிட் கணக்கில் சேர்வார், பவுன்ஸில் சேரமாட்டார்.

உங்களிடம் இரண்டு தகவல்கள் வேண்டும். வடிவமைப்பு மாறிய நாளுக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கும் பிந்தைய இரண்டு வாரங்களுக்கும், நுழைவுப் பக்கம் வாரியாகப் பவுன்ஸ் ரேட்டைத் தனித்தனியே எடுத்துத் தாருங்கள். அதே காலத்துக்கு, ஓர் அமர்வுக்குச் சராசரியாக எத்தனை பக்கப் பார்வைகள் என்பதையும் பாருங்கள்.

வேகநடை

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் நடைமுறையில் பவுன்ஸ் ரேட் ஏறினால் கூகுள் தேடலில் இடம் சரிந்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே முதலில் எண்ணைக் கீழே கொண்டுவருவதே அவசரம். பக்கத்தைக் கீழே உருட்டுவதை முக்கிய நிகழ்வாகக் குறித்துவிட்டால் போதும், சில நாட்களிலேயே கணிசமாக இறங்கும். நான் இரண்டு தளங்களில் செய்திருக்கிறேன்.

தரவுத்தச்சர்

நண்பர் வேகநடை சொல்லும் இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை.

தேடல் தரவரிசைக்கு அனலிட்டிக்ஸ் தரவைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் தரப்பினர் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறார்கள். அதை நம்பாவிட்டாலும், அனலிட்டிக்ஸே நிறுவாத தளங்கள் ஏராளமாக இருக்கும்போது அந்த எண்ணை வைத்து எல்லாத் தளங்களையும் வரிசைப்படுத்த முடியாது என்பது எளிதில் புரியும். தேடல் முடிவுகள் பக்கத்தில் மக்கள் எதைக் கிளிக் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம். அது தரவரிசையில் பயன்படுவது 2023-இல் அமெரிக்காவில் நடந்த கூகுள் மீதான ஏகபோக வழக்கின் சாட்சியங்களிலேயே வெளிவந்தது. ஆனால் அது உங்கள் அனலிட்டிக்ஸ் கணக்கில் தெரியும் பவுன்ஸ் ரேட் அல்ல.

உருட்டுவதை முக்கிய நிகழ்வாக்கும் யோசனை, காய்ச்சல்காரரின் வாயிலிருந்து வெப்பமானியை எடுத்துத் தண்ணீரில் வைப்பதற்குச் சமம். எண் இறங்கும், ஆனால் அதன்பிறகு அந்த எண்ணிலிருந்து நீங்கள் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. மாறாக, கோப்பு இறக்கத்தை முக்கிய நிகழ்வாகக் குறிப்பது முற்றிலும் நியாயமானது. ஏழு விநாடியில் கோப்பை இறக்கிக்கொண்டு போனவர் வந்த வேலையை முடித்துவிட்டார். அவரைப் பவுன்ஸ் என்று எண்ணுவதுதான் தவறு.

அட்டவணைப்பித்தன்

இருவருக்கும் நன்றி. கேட்ட விவரங்களை எடுத்தேன், பார்த்ததும் திகைத்துப்போனேன்.

மாற்றத்துக்கு முன், தொடக்க ஆண்டில் எழுதிய பாடங்களின் பவுன்ஸ் ரேட் 2 முதல் 4 விழுக்காடு வரைதான் இருந்திருக்கிறது. மொத்த அமர்வுகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்தப் பக்கங்களுக்கு வருபவை. மற்ற பக்கங்களில் எல்லாம் 61-ஐ ஒட்டி இருந்தது. மாற்றத்துக்குப் பின், மற்ற பக்கங்கள் அதே 61-இல் நிற்கின்றன. பழைய பாடங்கள் மட்டும் 55-க்குத் தாவியிருக்கின்றன. அந்தப் பாடங்களில் நுழைந்த அமர்வுகளுக்கான சராசரிப் பக்கப் பார்வை 2.6-லிருந்து 1.3 ஆகிவிட்டது. புதிய வடிவமைப்பு என் நல்ல பாடங்களை மட்டும் குறிபார்த்துக் கெடுத்துவிட்டதா?

தரவுத்தச்சர்

கெடுக்கவில்லை. 2.6 என்பது 1.3-இன் சரியான இரு மடங்கு என்பதைக் கவனியுங்கள். பழைய பாடங்களுக்கென்று தனி வார்ப்புரு ஒன்று வைத்திருந்தீர்கள் என்றும், அதில் அனலிட்டிக்ஸின் கண்காணிப்பு நிரல் நேரடியாக ஒட்டப்பட்டிருந்தது என்றும், பிற்பாடு இத்தகைய நிரல்களை ஒரே இடத்திலிருந்து தளத்தில் சேர்க்க உதவும் கூகுள் டேக் மேனேஜர் வழியாக அதே நிரலைத் தளம் முழுவதற்கும் சேர்த்தீர்கள் என்றும் ஊகிக்கிறேன். அப்படியானால் அந்தப் பக்கங்களில் ஒவ்வொரு பார்வையும் இரண்டு முறை பதிவாகியிருக்கும். இரண்டு பக்கப் பார்வை என்றால் ஈடுபாடுள்ள அமர்வு, எனவே உள்ளே வந்தவர்களில் ஏறக்குறைய எவரும் பவுன்ஸ் ஆகவில்லை. வடிவமைப்பை மாற்றியபோது பழைய வார்ப்புருவோடு இரண்டாவது நிரலும் போய்விட்டது. இத்தனை காலமும் பொய்யாக இருந்தது அந்த 38-தான். 59 தான் உங்கள் தளத்தின் உண்மையான எண், அநேகமாக எப்போதுமே அதுதான்.

பவுன்ஸ் ரேட் ஒற்றை இலக்கத்தில் தெரிந்தால் மகிழ்வதற்கு முன் நிரலைப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதல்திரை

நிரல் சிக்கல் தீர்ந்தது. இனி உண்மையிலேயே குறைக்க வேண்டிய பகுதி இருக்கிறதா என்று பார்க்கலாம். பக்கங்களைக் கட்டுவது என் தொழில் என்பதால் அந்தக் கோணத்திலிருந்து எழுதுகிறேன், சற்று நீளும்.

மொத்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள், ஏனெனில் வருகையின் கலவை மாறினாலே அது மாறும். தேடலிலிருந்து வருவோரில் 40 விழுக்காடும், சமூக ஊடகங்களிலிருந்து வருவோரில் 75 விழுக்காடும் பவுன்ஸ் ஆகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சமூக ஊடக வருகை பத்தில் ஒரு பங்காக இருக்கும்போது மொத்தம் 43.5, அது பத்தில் நான்கு பங்காக வளர்ந்தால் மொத்தம் 54. எந்தப் பக்கமும் கெடவில்லை, எந்த வாசகரும் அதிருப்தி அடையவில்லை, ஆயினும் எண் பத்துப் புள்ளிக்கு மேல் ஏறிவிட்டது. ஆகவே எந்த வழியாக, எந்தக் கருவியில், எந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் என்று பிரித்து, அதிக வருகையும் அதிகப் பவுன்ஸும் சேர்ந்திருக்கும் நான்கைந்து பக்கங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கங்களை உங்கள் மேசைக் கணினியில் பார்க்காதீர்கள். நடுத்தர விலைக் கைபேசி ஒன்றில், வைஃபையை அணைத்துவிட்டு, தேடல் முடிவிலிருந்து கிளிக் செய்து உள்ளே போங்கள். அண்மையில் உங்களுடையதைப் போன்ற ஒரு தளத்தில், எக்செலில் ஒரு மதிப்பை அட்டவணையில் தேடி எடுக்கும் வீலுக்கப் (VLOOKUP) சூத்திரம் ஏன் பிழை காட்டுகிறது என்ற பக்கத்தை இப்படித் திறந்து பார்த்தேன். முதல் திரை முழுவதையும் ஓர் அலங்காரப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் கீழே குக்கி அறிவிப்பு. ஐந்தாம் விநாடியில் மின்னஞ்சல் கேட்டு ஒரு பாப்-அப். அதை மூடினால், எக்செல் என்றால் என்ன என்று தொடங்கி நான்கு பத்திகள். தேடுபவருக்கு வேண்டிய விடை, அதாவது செல்லின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியை டிரிம் சூத்திரத்தால் நீக்க வேண்டும் என்பது, ஆறாவது திரையில் இருந்தது. எக்செல் என்றால் என்ன என்று தெரியாதவர் வீலுக்கப் பிழையைத் தேடி வரப்போவதில்லை. விடையை முதல் பத்தியில் வைத்து, விளக்கத்தைப் பின்னால் தள்ளினோம். அந்தப் பக்கத்தில் மாற்றியது பெரும்பாலும் அவ்வளவுதான்.

அந்த அலங்காரப் படத்துக்கு வேறொரு கோளாறும் இருந்தது. எல்லாப் படங்களுக்கும் பொதுவாக லேசி லோடிங், அதாவது தேவைப்படும்போது மட்டும் படத்தை ஏற்றும் முறை, போட்டிருந்தார்கள். திரைக்குக் கீழே இருக்கும் படங்களுக்கு அது நல்லது; ஆனால் முதல் திரையில் தெரிய வேண்டிய படத்துக்கும் போட்டால், பக்கத்தின் அமைப்பு தெளிவாகும் வரை உலாவி அந்தப் படத்தைக் கேட்கவே கேட்காது. முதன்மை உள்ளடக்கம் தெரிய ஆகும் நேரமான எல்சிபி 2.5 விநாடிக்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் வகுத்த அளவு. அதுவும் சராசரியில் அல்ல, நூறு வருகைகளில் 75 வருகைகளுக்காவது அப்படி இருக்க வேண்டும். தட்டியதற்குப் பக்கம் பதிலளிக்கும் வேகத்தைக் குறிக்கும் ஐஎன்பி 200 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும். 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவுக்குப் பதிலாக இது வந்தது. படிக்கும்போது வரிகள் கீழே நழுவுவதை அளக்கும் சிஎல்எஸ் 0.1-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் தளத்தில் விளம்பரம் இருப்பதால் கடைசி அளவில் கவனம் வையுங்கள். விளம்பரத்துக்கான இடத்தின் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால், வாசகர் இணைப்பைத் தொடப்போகும் கணத்தில் விளம்பரம் வந்து அதைக் கீழே தள்ளிவிடும். அவர் தவறான இடத்தைத் தொட்டு, எரிச்சலோடு வெளியேறுவார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்தை வேகமாக்கிய பிறகு பவுன்ஸ் ரேட் சில வேளைகளில் ஏறும். பக்கம் மெதுவாக இருந்தபோது, கண்காணிப்பு நிரல் இயங்குவதற்கு முன்பே பொறுமையிழந்து போனவர்கள் கணக்கிலேயே வரவில்லை. இப்போது அவர்களும் எண்ணப்படுகிறார்கள். அப்போது அமர்வுகளின் மொத்த எண்ணிக்கையும் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

அட்டவணைப்பித்தன்

தரவுத்தச்சர் ஊகித்தது எழுத்துப் பிசகாமல் சரி. காப்புநகலில் இருந்த பழைய வார்ப்புருவைத் திறந்து பார்த்தேன். தலைப்பகுதியில் கண்காணிப்பு நிரல் ஒட்டப்பட்டிருந்தது. டேக் மேனேஜருக்கு மாறியபோது அதை எடுக்க மறந்தவன் நானேதான்.

முதல்திரை சொன்னபடி பிரித்துப் பார்த்ததில், கோப்பு இறக்கும் பக்கங்கள் இரண்டு மட்டும் 80-ஐத் தாண்டி நிற்கின்றன. தேடல் முடிவில் தெரியும் தலைப்பு இலவச அட்டவணை என்கிறது. உள்ளே வந்தால், கைபேசியில், பதிவுப் படிவம்தான் முதலில் தெரிகிறது. அட்டவணை எப்படி இருக்கும் என்ற படம்கூட அதற்குக் கீழேதான். படிவத்தை எடுத்துவிட்டு, அட்டவணையின் படத்தையும் இறக்கும் பொத்தானையும் மேலே வைத்திருக்கிறேன். இறக்கத்தை முக்கிய நிகழ்வாகவும் குறித்துவிட்டேன். இரண்டையும் ஒரே நாளில் செய்ததால், எண் இறங்கினால் எதனால் இறங்கியது என்று பிரிப்பது கடினம் என்பது செய்து முடித்த பிறகே உறைத்தது. ஆகவே இந்த இரண்டு பக்கங்களுக்கு மட்டும் பவுன்ஸ் ரேட்டை விட்டுவிட்டு, நூறு அமர்வுகளுக்கு எத்தனை இறக்கங்கள் என்பதை எண்ணத் தொடங்கியிருக்கிறேன். அந்த நிகழ்வு முன்பிருந்தே பதிவாகி வந்ததால் பழைய காலத்தோடும் ஒப்பிட முடிகிறது.

விளம்பர நிறுவனத்துக்கு, 38 என்பது என் பிழையால் வந்த எண் என்பதைப் பக்கவாரிக் கணக்கோடு விளக்கி எழுதியிருக்கிறேன். 40 என்ற வரம்பை எந்தக் கருவியின் எந்த வரையறைப்படி வைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.