ஸ்கூலில் ராணுவ ஆட்கள், பையன் ஏதோ கையெழுத்து போட்டுவிட்டான், உடனே யாராவது சொல்லுங்கள்

புதுவரவு, ஹூஸ்டன்:
வணக்கம். நாங்கள் அமெரிக்கா வந்து ஏழு வாரம்தான் ஆகிறது. பையனை இங்கே அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். நேற்று சாயங்காலம் ஒரு போன், ஏதோ சார்ஜென்ட்டாம், உங்கள் மகனோடு பேசலாமா என்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனைக் கேட்டால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பேர் மேஜை போட்டு நின்றார்களாம், கம்பியில் புல்-அப் எடுத்தால் டி-ஷர்ட் என்றார்களாம், இவன் எடுத்தானாம், ஒரு அட்டையில் பெயரும் நம்பரும் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தானாம். அவன் அப்பா டென்வரில் கிளையன்ட் இடத்தில் இருக்கிறார், சொன்னால் அங்கிருந்தே கத்துவார். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா? பள்ளிக்கூடத்துக்குள் இவர்களை எப்படி விடுகிறார்கள்?

பழைய டல்லாஸ்காரன்:
பதற்றப்படாதீர்கள் சிஸ்டர். நான் 1998 டிசம்பரில் வந்தவன். கார் கிடையாது, லைசென்ஸ் கிடையாது. இருபது பவுண்டு அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டோரமாக நடந்து வந்தபோது போலீஸ் கார் பக்கத்தில் வந்து நின்றது. உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டான், ஏனென்றால் இந்த ஊரில் நடந்து போகிறவன் நோயாளியாகத்தான் இருப்பான். அதைப் பார்க்கும்போது உங்களுடையது ஒன்றுமே இல்லை. முதல் வேலையாக நீங்கள் டிரைவிங் லைசென்ஸ் எடுங்கள். அவர் ஊரில் இல்லாதபோது வீட்டிலேயே அடைந்து கிடந்தால் எல்லாமே பூதமாகத்தான் தெரியும்.

மிளகுரசம்:
அவர்கள் கேட்டது என்ன, நீங்கள் சொல்வது என்ன அண்ணா. புதுவரவு, எனக்குத் தெரிந்தவரை இந்த நாட்டில் கையெழுத்து போட்டால் போட்டதுதான். உடனே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

எடிசன் அம்மா:
வக்கீலா! ஒரு டி-ஷர்ட்டுக்கா? தயவுசெய்து அவர்களை இன்னும் பயமுறுத்தாதீர்கள். என் பெண் போன வருடம் இதே மாதிரி அட்டையை ஒரு தண்ணீர் பாட்டிலுக்காக எழுதிக் கொடுத்தாள். அது ஒப்பந்தம் இல்லை, யாரைக் கூப்பிடலாம் என்று அவர்கள் சேர்க்கும் பட்டியல், அவ்வளவுதான். எப்படி விடுகிறார்கள் என்றால், சட்டமே விடச் சொல்கிறது. 2002 ஜனவரியில் அதிபர் புஷ் கையெழுத்திட்ட பள்ளிக் கல்விச் சட்டத்தில் இதை ஒரு பிரிவாகச் சேர்த்தார்கள். மத்திய அரசுப் பணம் வாங்கும் உயர்நிலைப் பள்ளிகள், ராணுவம் கேட்டால் மாணவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரைக் கொடுக்க வேண்டும், கல்லூரிக்காரர்களை எந்த அளவுக்கு உள்ளே விடுகிறார்களோ அந்த அளவுக்கு இவர்களையும் விட வேண்டும். 2015இல் அந்தச் சட்டத்தை மாற்றினார்கள், ஆனாலும் இந்தப் பிரிவு தங்கிவிட்டது. ஆனால் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளையின் விவரத்தைத் தரக் கூடாது. பள்ளி திறந்ததும் கொடுக்கும் கட்டுக் காகிதத்தில் அந்தப் படிவமும் இருந்திருக்கும். நம்மவர்கள் எல்லாவற்றிலும் கையெழுத்தைப் போட்டு அனுப்பிவிடுகிறோம், நானும்தான். எதையும் பகிரக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், முடிந்தது.

கம்மவான்பேட்டைப் பேரன்:
எதற்கு இவ்வளவு பயம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. எங்கள் ஊர் வேலூர்ப் பக்கம், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார்கள், தாத்தாவின் பெட்டியில் மெடல்தான் இருந்தது, பணம் இல்லை. இங்கே மூன்று வருடம் பணி செய்தால், 9/11க்குப் பிந்தைய ஜி.ஐ. பில் திட்டத்தில் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உள்ளூர்க் கட்டணம் முழுவதையும் 36 மாதம் வரை அரசே கட்டுகிறது. நாம் மாணவர் விசாவுக்கான ஐ-20 கடிதம் வாங்க வீட்டை அடமானம் வைத்த கதையை மறந்துவிட்டீர்களா? என் ரூம்மேட் மாவ்னி என்ற திட்டத்தில் சேர்ந்தான். கிரீன் கார்டு இல்லாதவர்களையும் மொழித் திறமைக்காக எடுத்தார்கள், அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. நாங்களெல்லாம் இன்னும் கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறோம், அவன் குடியுரிமையும் வாங்கிவிட்டான். 2016இல் புதிய ஆட்களை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அது வேறு விஷயம்.

எடிசன் அம்மா:
பெரியவர்கள் யோசித்துச் சேர்வது வேறு, பதினாறு வயசுப் பிள்ளையிடம் சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும்போது பேசுவது வேறு. அந்த மேஜை எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி வருகிறதா என்று பாருங்கள். பணக்காரப் பகுதியில் வருடத்துக்கு ஒரு தடவை, கல்லூரிக்குப் பணம் இல்லாத பிள்ளைகள் படிக்கும் இடத்தில் வாரா வாரம். நான் பார்த்த இரண்டு பள்ளிகளில் அப்படித்தான். 2005இல் இராக் போர் நடந்துகொண்டிருந்தபோது சான் பிரான்சிஸ்கோவில் இதை எதிர்த்து ஓட்டெடுப்பே நடத்தி ஜெயித்தார்கள், ஆனாலும் மத்தியச் சட்டம் அசையவில்லை.

டொரண்டோ அக்கா:
நான் கனடா, உங்கட சட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் தங்கச்சி, அந்த போன் வந்ததும் உங்களுக்கு ஏன் கை நடுங்கினது எண்டு எனக்கு விளங்குது. சண்டைக் காலத்தில எங்கட ஊரில பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போட்டு அவன் திரும்பி வரும்வரைக்கும் அம்மா வாசலில நிப்பா. வந்து முதல் வருசம் இங்க ஸ்கூலில நீல யூனிஃபார்மோட ஒரு கடெற் பெடியன் நிண்டதைப் பார்த்திட்டு மகனைக் கையில பிடிச்சு வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்திட்டன். டீச்சர் பின்னால ஓடி வந்தவ. இப்ப நினைச்சால் சிரிப்பும் வருது, கண்ணீரும் வருது. பயப்பிடாதேங்கோ, இது அது இல்லை.

பழைய டல்லாஸ்காரன்:
ராணுவம் கூப்பிடுவது இருக்கட்டும், எனக்குக் கார் வாரண்டி என்று தினமும் ஆறு போன் வருகிறது, அதற்கு ஒரு சட்டம் உண்டா? போன வாரம் வரித் துறை, ஐ.ஆர்.எஸ். என்று ஒருவன்.

மிளகுரசம்:
எனக்கு சோலார் பேனல். வாடகை வீடு என்று சொன்னாலும் விடுவதில்லை.

மேரிலாந்து வாத்தியார்:
சோலாரை இன்னொரு நாள் பேசுவோம். பத்து வருடமாக இங்கே பள்ளியில் வேலை பார்க்கிறேன். புதுவரவு, மூன்று கேள்வி. பையனுக்கு என்ன வயது? என்ன விசா? அட்டையைத் தவிர வேறு எதிலாவது கையெழுத்து போட்டானா?

புதுவரவு, ஹூஸ்டன்:
16 முடிந்து நான்கு மாதம். எச்-4, அவன் அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்த விசா. அட்டை மட்டும்தான் என்று சத்தியம் செய்கிறான். ஆனால் டைம்டேபிளில் ஜே.ஆர்.ஓ.டி.சி. என்று ஒரு பீரியட் இருக்கிறது, இப்போதுதான் கவனித்தேன். அதுவும் பட்டாளம்தானா?

மேரிலாந்து வாத்தியார்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிப் பேச்சு மிச்சம் அம்மா. எச்-4இல் இருக்கும் பிள்ளை சேர வேண்டும் என்று அழுதாலும் அவர்கள் எடுக்க முடியாது, குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அவை இருந்தாலும் 17க்குக் கீழே கிடையாது, 17இல் பெற்றோர் சம்மதம் வேண்டும். மறுபடி கூப்பிட்டால் ராங் நம்பர் என்று சொல்லாமல், எச்-4 விசா, பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மரியாதையாக வைத்துவிடுவார்கள், தகுதி இல்லாத பையனுக்காக அவர்களும் நேரத்தை வீணாக்க மாட்டார்கள்.

ஜே.ஆர்.ஓ.டி.சி. நம் ஊர் என்.சி.சி. மாதிரி, 1916இலிருந்து இருக்கிறது. அதில் படித்தால் படையில் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் டெக்சாஸில் அதை உடற்கல்விப் பாடத்துக்குப் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், புதிதாக வந்து சேர்ந்ததால் காலியாக இருந்த இடத்தில் போட்டிருக்கலாம். வேண்டாம் என்றால் கவுன்சிலரிடம், அதாவது பள்ளியில் மாணவர்களுக்கு வழிகாட்டும் ஆலோசகரிடம், மாற்றக் கேளுங்கள். அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

எடிசன் அம்மா சொன்னதில் ஒரு திருத்தம். எதையுமே பகிராதே என்று ஒட்டுமொத்தமாக எழுதிக் கொடுக்காதீர்கள். சில பள்ளிகளில் அப்படிக் கொடுத்தால் இயர்புக் என்ற பள்ளி ஆண்டு மலரில் படம் வராது, பரிசுப் பட்டியலில் பெயர் வராது, ஜூன் மாதம் பிள்ளை அழும். ராணுவத்துக்கு மட்டும் வேண்டாம் என்று தனிக் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வெள்ளைத் தாளில் இரண்டு வரி எழுதி, தேதி போட்டு, ஒரு நகல் எடுத்துக்கொண்டு கவுன்சிலரிடம் கொடுங்கள். ஏற்கெனவே போன விவரத்தைத் திரும்ப வாங்க முடியாது, இனிமேல் போகாது.

அஸ்வாப் என்று ஒரு தேர்வு வரும், மூன்று மணி நேரம், இலவசம், எந்த வேலைக்கு எந்தத் திறமை என்று காட்டும் என்பார்கள். நடத்துவது பாதுகாப்புத் துறை. டெக்சாஸில் 10 முதல் 12 வரை படிப்பவர்களுக்கு அதையோ அது போன்ற ஒன்றையோ வருடத்துக்கு ஒரு தடவை எழுத வாய்ப்பு தர வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. எழுதுவதில் தப்பில்லை, ஆனால் மதிப்பெண் ஆள் சேர்ப்பவர்களுக்குப் போகுமா என்பதைத் தீர்மானிப்பது பள்ளி தேர்ந்தெடுக்கும் விருப்ப எண். 8ஆம் எண் என்றால் போகாது. எங்கள் மேரிலாந்தில் 2010இலிருந்து எல்லா அரசுப் பள்ளிக்கும் 8தான், உங்கள் பக்கம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்மவான்பேட்டைப் பேரன்:
பதினெட்டானால், போர் என்று வந்தால் கட்டாயமாக ஆள் எடுக்க வைத்திருக்கும் செலக்டிவ் சர்வீஸ் பட்டியலில் பெயர் பதிய வேண்டுமே, அதை விட்டுவிட்டீர்களே?

மேரிலாந்து வாத்தியார்:
எச்-4 செல்லுபடியாகும்வரை அது அவனுக்குப் பொருந்தாது. 26 வயதுக்குள் கிரீன் கார்டு வந்தால் 30 நாளுக்குள் பதிய வேண்டும். நம் வரிசை நகரும் வேகத்துக்கு அந்தக் கவலை உங்களுக்கு வராது. 21 வயதில் எச்-4 தீர்ந்துபோகும் அம்மா, அதற்குத்தான் இப்போதே அவன் அப்பாவோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

புதுவரவு, ஹூஸ்டன்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை போய்க் கடிதம் கொடுத்தேன். கவுன்சிலர் சிரித்துக்கொண்டே தனிப் படிவத்தை எடுத்து நீட்டினார், ஆகஸ்ட்டில் நானே வெறுமையாகக் கையெழுத்து போட்டு அனுப்பியது. அவன் அப்பாவிடமும் சொல்லியாகிவிட்டது. கத்துவார் என்று பார்த்தால், எத்தனை புல்-அப் எடுத்தான் என்றுதான் கேட்டார். பதினொன்று எடுத்தானாம். தஞ்சாவூரில் இருந்தவரை தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கியதில்லை. ஜே.ஆர்.ஓ.டி.சி. வகுப்பை விட மாட்டானாம். டி-ஷர்ட்டைத் துவைக்கக்கூடத் தர மாட்டேன் என்கிறான்.